குளம் பெரிது என்று கொட்டலாமா?



கோவை உக்கடத்தை அடுத்துள்ள எங்கள் மதரஸாவிலிருந்து வாலாங்குளத்தின் கரை பத்து நிமிட நடைத் தொலைவில் உள்ளது. சுப்ஹுத் தொழுகைக்கும் காலை ஓதலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கரையோரம் நடந்து வருவது எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு பக்ரீத் கழிந்த மூன்றாம் நாள் அவ்வாறு சென்றபோது, கரையோரத்தில் மீன்கள் கூட்டமாக நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில மீன்கள் அப்போதே புரண்டு மிதந்தன.

“ஹஜ்ரத், மீனெல்லாம் ஏனுங்க வாயை மேல தூக்கிட்டு நிக்குது?” என்றான் ஒரு சிறுவன்.

“நாம கழுவி விட்ட ரத்தமா இருக்குமோ?” என்றான் மற்றொருவன்.

மூன்றாமவனுக்கு வயது பன்னிரண்டு. பாடத்தில் எப்போதும் முதலாக விடை சொல்பவன். அவன் உறுதியாகச் சொன்னான்: “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. குளம் பத்துக்குப் பத்து முழத்தைவிட எவ்வளவு பெருசு! பெரிய தண்ணி நஜீஸ் ஆகாதுன்னு ஹஜ்ரத்தானே சொல்லிக்கொடுத்தாங்க.”

நாங்கள் வாயடைத்து நின்றோம். அவன் சொன்ன சட்டத்தில் பிழை இல்லை. அதனை அவன் எதற்குப் பயன்படுத்தினானோ, அதில்தான் பிழை இருந்தது. அந்தப் பிழையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்களே. பெருநாளன்று மதரஸா முற்றத்தில் 12 ஆடுகள் அறுக்கப்பட்டன. பொழுது சாய்வதற்குள் முற்றம் சுத்தமாக வேண்டும் என்ற அவசரத்தில், குழாயைத் திறந்துவிட்டு ரத்தம் முழுவதையும் தெருவோரக் கால்வாயில் தள்ளினோம். அது மழைநீர்க் கால்வாய். அது எங்கே போய்ச் சேரும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, “சுத்தம் ஈமானின் பகுதி” என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்தோம்.

மீன்கள் திணறியதற்கு எங்கள் முற்றத்து ரத்தம் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. நகரின் கழிவுநீர் ஆண்டு முழுவதும் குளங்களில் கலக்கிறது. ஆயினும் சிறுவனின் கேள்வி எங்களை விடவில்லை. எங்களிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் இன்று ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். அவரை அழைத்துப் பிள்ளைகளுடன் அமர்ந்து கேட்டோம். அன்று நாங்கள் அறிந்துகொண்டதையும், அதற்குப் பின் படித்ததையும், எங்கள் ஃபிக்ஹுப் பாடத்தோடு வைத்து எண்ணிப் பார்த்ததையும் இங்கே பகிர்கிறோம்.

தஹாரத் பாடத்தில் நீரைப் பற்றிப் படிக்கும்போது நிறம், சுவை, வாடை என்னும் மூன்று தன்மைகளை மனனம் செய்கிறோம். கோவையில் ஹனஃபி மத்ஹபினரும் ஷாஃபிஈ மத்ஹபினரும் சேர்ந்து வாழ்வதால் எங்கள் வகுப்பில் இரண்டையும் சொல்லிக்கொடுப்போம். ஹனஃபிகளிடம் பத்துக்குப் பத்து முழ அளவுள்ள நீர்நிலை பெரிய நீர். ஓடும் நீரின் சட்டம் அதற்குண்டு. ஷாஃபிஈகளிடம் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர். இந்த அளவை எட்டிய நீரில் அசுத்தம் விழுந்தாலும், மூன்று தன்மைகளில் ஒன்று மாறாத வரையில் அந்த நீர் அசுத்தமாகாது. மாறிவிட்டால், கடலளவு இருந்தாலும் அது நஜீஸே.

இதே பாடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. நீண்ட நாள் தேங்கியதாலோ, பாசியாலோ, தானாக உதிரும் இலைகளாலோ நீரின் நிறம் மாறினால் அதனால் உளூச் செய்யத் தடையில்லை. பழுப்பேறிய இலைநீரும் நீர்தான். சாக்கடை கலந்து கருத்த நீர் அவ்வாறன்று. நிறம் மாறியது என்னும் ஒன்றை மட்டும் பாராமல், எதனால் மாறியது என்று கேட்கச் சொன்னார்கள் ஃபுகஹாக்கள்.

இவ்விடத்தில் எங்கள் மாணவர் சிரித்துவிட்டார். “ஹஜ்ரத், எங்கள் பாடமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது” என்றார்.

குளத்து நீரை மிக நுண்ணிய வடிதாளில் வடிக்கிறார்கள். அத்தாளின் துளை, ஒரு மில்லிமீட்டரை 2000 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறின் அளவு. மண்ணும் பாசியும் தாளில் தங்கிவிடும். வடிந்து வந்த நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். ஆயினும் அதற்குள் ஒரு காலத்தில் உயிருள்ளதாக இருந்தவற்றின் சாறு கரைந்திருக்கும். இலையின் சாறு, பாசியின் கசிவு, மீனின் கழிவு, வீட்டுச் சோற்றின் மாவு, ரத்தத்தின் புரதம் எல்லாம் அதில் அடங்கும். இதனைக் கரைந்த கரிமப் பொருள் என்கிறார்கள். தேயிலையைக் கொதிநீரில் இட்டால் வடிகட்டிய பின்னும் நிறமும் மணமும் நீரில் நிற்பதைப் போன்றது இது. காட்டின் நடுவே உள்ள நீர்நிலைகள் சிலவேளை இளம் தேநீர் நிறத்தில் இருப்பது இதனால்தான்.

இந்தச் சாற்றை உண்பவர் யார்? மீனால் அதனை உண்ண இயலாது. அது நீரோடு நீராகக் கரைந்துவிட்டது. அதற்கென அல்லாஹ் ஒரு படைப்பை வைத்திருக்கிறான். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் ஒரு மில்லி லிட்டர் குளத்து நீரில் ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கின்றன. ஒரு தேக்கரண்டி நீரில் கோவை மாநகரின் மக்கள்தொகையைவிட மிகுதி. அவற்றுக்கு வாயில்லை. சர்க்கரை போன்ற சிறிய மூலக்கூறுகளைத் தோல் வழியே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மாவு, புரதம் போன்ற பெரியவற்றை, நொதி என்னும் சாற்றை வெளியே விட்டுத் துண்டு துண்டாக்கிய பின்னரே உண்கின்றன. இலைச்சாற்றின் கடினமான பகுதிகளை அவை மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் மென்று தீர்க்கின்றன. சூரிய ஒளியும் அப்பழுப்பு மூலக்கூறுகளை உடைத்து அவற்றுக்குத் துணை செய்கிறது. சர்க்கரையும் ரத்தமும் வந்தாலோ, சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

உண்டதில் ஒரு பங்கு அவற்றின் உடலாகிறது. பெரும்பாலும் பாதிக்கு மேல் மூச்சாக வெளியேறுகிறது; ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன, நம்மைப் போலவே. உடலான பங்கு வீணாவதில்லை. அந்நுண்ணுயிரைச் சற்றே பெரிய ஓரணு உயிர் உண்கிறது. அதனை நீர்ப்பூச்சி உண்கிறது. அதனை மீன் குஞ்சு உண்கிறது. நீரில் கரைந்து தொலைந்துவிட்டது என்று நாம் எண்ணிய உணவு இவ்வாறு மீண்டும் மீனின் வாய்க்குத் திரும்புகிறது. கடலில் இந்தச் சுழற்சிக்கு உருக்கொடுத்து, 1983ஆம் ஆண்டு தம் தோழர்களோடு ஆய்வுக் கட்டுரை எழுதியவர் ஃபாரூக் அஸாம். பாகிஸ்தானிலிருந்து சென்று, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் பெயரைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

குளத்தை நாம் ஒரு பாத்திரம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஓயாது வேலை நடக்கும் பட்டறை. நிலத்திலிருந்து ஆறு, குளம், ஏரிகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 190 கோடி டன் கரிமம் வந்து சேர்வதாகவும், அதில் 90 கோடி டன் மட்டுமே கடலை அடைவதாகவும் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏறத்தாழ 80 கோடி டன் வழியிலேயே மூச்சாகி வானில் கலக்கிறது. எஞ்சியது சேற்றில் அடைகிறது. பெரிய நீர் எளிதில் கெடாது என்று நாம் காணும் அனுபவத்துக்குப் பின்னால், நீர் பெருகிக் கலப்பதோடு, கண்ணுக்குத் தெரியாத இந்த ஏவலாளர்களின் உழைப்பும் இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

ஆனால் ஏவலாளர்களுக்கும் மூச்சு வேண்டும். இங்கேதான் கணக்கு வருகிறது.

நம் ஊர்ச் சூட்டில், 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். மீன்கள் நலமாக வாழ 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஒரு நீரில் உள்ள கரிமப் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அளக்க, அந்நீரைக் குப்பியில் அடைத்து இருட்டில் வைக்கிறார்கள். நம் நாட்டில் 27 பாகை வெப்பத்தில் 3 நாள் வைப்பது வழக்கம். வீட்டுச் சாக்கடை நீர் ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் கேட்கும். ஒரு லிட்டர் குளத்து நீர் வைத்திருக்கக்கூடியதைவிட இது ஏறத்தாழ முப்பது மடங்கு. பால் ஏறத்தாழ ஒரு லட்சம் கேட்கும். ரத்தமோ ஒன்றரை லட்சம் மில்லிகிராமுக்குக் குறையாமல் கேட்கும்.

பலகையில் பிள்ளைகளையே கணக்கிடச் சொன்னோம். ஒன்றரை லட்சத்தை ஏழரையால் வகுத்தால் 20,000. ஒரு லிட்டர் ரத்தம் கரைந்தால், 20,000 லிட்டர் குளத்து நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் அதற்கு வேண்டும். நடுத்தர ஆடு ஒன்றிலிருந்து வடியும் ரத்தம் ஏறத்தாழ ஒரு லிட்டர். எங்கள் முற்றத்தின் 12 ஆடுகளுக்கு 2,40,000 லிட்டர். காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் குளத்துக்குப் புதிய ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும் என்பதால், கொட்டிய உடனே இது நிகழ்ந்துவிடாது. ஆனால் கடன் கடன்தான். யாரோ செலுத்தியாக வேண்டும்.

அதைச் செலுத்துபவை மீன்கள். பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் பாசியும் மூச்சு விடுகிறது, மீனும் விடுகிறது, பாக்டீரியாவும் விடுகிறது; தருவதற்கு எவரும் இல்லை. வெப்பம் கூடினால் பாக்டீரியாவின் வேகம் கூடுகிறது. நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைகிறது. ஆகவே குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியலுக்கு முந்திய நேரம். நாம் சுப்ஹுக்கு எழுந்து, தூய நீரில் உளூச் செய்து தொழுதுகொண்டிருக்கும் அதே வேளையில், வாலாங்குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கின்றன.

ஆக்சிஜன் தீர்ந்த பின்னும் நுண்ணுயிர்கள் ஓய்வதில்லை. காற்றில்லாமல் வாழத் தெரிந்த வேறு இனங்கள் பொறுப்பேற்கின்றன. அவை அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. சேறு கருக்கிறது. மீத்தேன் குமிழ்கள் எழுகின்றன. ஃபுகஹாக்கள் சொன்ன நிறமும் வாடையும் இவ்வாறுதான் மாறுகின்றன. நம் மூக்கை எட்டும் நாற்றம், ஏவலாளர்கள் சுமக்க இயலாமல் கீழே வைத்துவிட்டார்கள் என்பதற்கான அறிவிப்பு.

நம் ஊர்க் குளங்களின் நிலையை இதனோடு பொருத்திப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் வெள்ளத்தை அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வழியே குளம் குளமாக நிரப்பும் ஏற்பாட்டை நம் முன்னோர் செய்து வைத்தார்கள். ஏறத்தாழ 320 ஏக்கர் பரப்புள்ள உக்கடம் பெரியகுளம் நிறைந்தால், உபரி வாலாங்குளத்துக்கு வரும். மழை வெள்ளமும் இலைச்சாறும் வந்த காலத்தில், அவ்வேலை நுண்ணுயிர்களின் சக்திக்கு உட்பட்டதாக இருந்தது. பின்னர் நகரம் வளர்ந்தது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கும் வேலை செய்பவை இதே வகை பாக்டீரியாக்கள்தாம். இயந்திரத்தால் காற்றை ஊதி அவற்றுக்கு மூச்சு கொடுக்கிறார்கள். ஆனால் பாதாளச் சாக்கடையில் சேராத வீடுகளின் நீர் மழைநீர்க் கால்வாய் வழியே குளத்துக்கு நேராக வருகிறது. அதில் எஞ்சும் சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை குளத்தை மூடுகிறது. அது அழுகி மீண்டும் கரிமச் சாறாகிறது.

திருப்பூருக்குக் கிழக்கே, 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனதை நாம் அறிவோம். அங்கே உப்பு, உப்பை எந்த நுண்ணுயிராலும் தின்று தீர்க்க இயலாது. நம் உக்கடத்துக் குளங்களின் நோயில் பெரும்பகுதி வேறு வகை. இங்கே விழுவது பெரும்பாலும் உணவு, அளவுக்கு மீறிய உணவு. அளவு குறைந்தால் ஏவலாளர்கள் மீண்டும் தம் வேலையைச் செய்வார்கள். நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. 2013 கோடையில் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, நகர மக்கள் பெருந்திரளாக இறங்கித் தூர்வாரினார்கள். இன்று கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் வந்துவிட்டன. மாலையில் நம் குடும்பங்களும் பிள்ளைகளோடு அங்கே போகின்றன. கரை அழகானது மகிழ்ச்சியே. ஆனால் மீன் மூச்சு விடுவது கரையில் அல்லவே!

இப்போது அந்தச் சிறுவனின் வாதத்துக்கு வருவோம். பெரிய நீர் அசுத்தமாகாது என்ற சட்டம் யாருக்குச் சொல்லப்பட்டது? நீர் தேடி வந்து, உளூச் செய்ய வேண்டிய நிலையில், இதில் ஏதேனும் விழுந்திருக்குமோ என்று தயங்கி நிற்பவருக்குச் சொல்லப்பட்டது. அது அவருக்கான சலுகை, அருள். கையில் வாளியோடு கொட்ட வந்தவருக்குச் சொல்லப்பட்ட அனுமதி அன்று. கொட்ட வந்தவருக்கு வேறு சட்டம் இருக்கிறது. தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. மக்கள் நீரெடுக்கும் இடங்களை அசுத்தப்படுத்துவது சாபத்தை வரவழைக்கும் செயல் என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. ஒரு மனிதரின் சிறுநீர் எவ்வளவு? அதையே தடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, நஜீஸ் என்று நாமே கற்பிக்கும் வடிந்த ரத்தத்தைக் குடம் குடமாக ஓட விட்டோம்.

எடுப்பவருக்குரிய சலுகையைக் கொட்டுபவருக்குரிய உரிமையாக மாற்றிவிட்டோம். இருபது ஆண்டுகளாகத் தஹாரத் பாடம் நடத்தும் நாங்கள், நீர் எங்களிடம் வரும்வரை உள்ள சட்டங்களையே கற்பித்தோம். எங்களிடமிருந்து நீர் போகும் வழியைக் கற்பிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எங்கள் பாடத்தின் குறையைத்தான் எங்களுக்கு ஒப்புவித்தான். வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், “பிழை எங்களுடையது” என்று அவனிடம் சொன்னோம். சொல்வது எளிதாக இருக்கவில்லை.

அதன் பின் ஜமாஅத்தாரிடம் பேசி, மதரஸாவில் சில மாற்றங்களைச் செய்தோம். அறுக்கும் இடத்தில் மண்ணும் மரத்தூளும் பரப்பி, ரத்தத்தை அதிலேயே உறிஞ்சச் செய்வது. அந்த மண்ணைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய குழியில் இட்டு, காய்ந்த இலையும் மண்ணும் போட்டு மூடுவது. மண்ணிலும் அதே நுண்ணுயிர்கள் இருக்கின்றன; மண்துகள்களுக்கிடையே காற்றும் இருக்கிறது. குடல், சாணம் முதலியவற்றை மாநகராட்சி வண்டியில் ஒப்படைப்பது. எல்லாம் அள்ளிய பின்னரே, குறைந்த நீரால் தரையைக் கழுவுவது. ரமளானில் நோன்புக் கஞ்சி மிஞ்சினால் கால்வாயில் ஊற்றாமல் மாடு வளர்ப்போருக்குக் கொடுப்பது. நிக்காஹ் விருந்தில் பிரியாணி டேக்சாவைக் கழுவும் முன் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பது. உளூச் செய்த நீரில் கெடுதி ஏதுமில்லை. அதைத் தனியே பிரித்து முற்றத்து வேப்பமரத்துக்கும் முருங்கைக்கும் திருப்பிவிட்டோம்.

இவையெல்லாம் சிறியவை என்பதை அறிவோம். ஒரு மதரஸாவின் கால்வாயை அடைத்துவிட்டால் வாலாங்குளம் தெளிந்துவிடாது. ஆயினும் மறுமையில் குளத்தைப் பற்றி எங்களிடம் கேட்கப்படும்போது, மாநகரத்தின் கணக்கு எங்களிடம் கேட்கப்படாது. எங்கள் முற்றத்தின் கணக்குக் கேட்கப்படும். 12 ஆடுகளின் கணக்கை நாங்கள் இப்போது அறிவோம். அறிந்த பின் அறியாதவர்போல் இருக்க இயலாது.

அன்பான பெற்றோர்களே! உங்கள் பிள்ளை மதரஸாவிலிருந்து வந்து, உளூவின் ஃபர்ளுகளை ஒப்புவிக்கும்போது மகிழ்கிறீர்கள். இனி இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: “நம் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது?” விடை தெரியாவிட்டால், ஒருநாள் அவனோடு கால்வாயோரம் நடந்து சென்று பாருங்கள்.

குழாயடியில் நீரைப் பேணும் நாம் கால்வாயிலும் அதனைப் பேணுவோமாக. கண்ணுக்குத் தெரியாத படைப்புகளைக் கொண்டு நம் அசுத்தத்தை நீக்கித் தரும் ரப்புக்கு நன்றியுடையோராகவும், அப்படைப்புகளின் மீது அவற்றின் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதோராகவும் வல்ல ரஹ்மான் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.